எலிக்கூட்டத்திலை புதுச்சாப்பாட்டிலை முதல் வாய் வைக்கிறது ஆர்?

சுன்னாகம்_கடை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட கடை சந்தைக்குக் கிட்ட, முன்னுக்குப் பலசரக்கு, பின்னுக்கு ஒரு ஸ்டோர் அறை, அதுக்குள்ளை அரிசி, மா, பருப்பு, மாட்டுத்தீன் எல்லாம் மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடக்கு. மூண்டு மாசமா எலித்தொல்லை தாங்கேலாமக் கிடக்கு. கம்பிக்கூடு ரெண்டு வாங்கி சுட்ட தேங்காய்ச்சொட்டு கொழுவி வைச்சன், முதல் கிழமை நாலு பிடிபட்டுது. நாலும் நோஞ்சான், வாலடியிலையும் முதுகிலையும் கடிகாயம். ஆனா உள்ளுக்கை ஒரு பெரிய எலி நிக்குது, வலது காது கிழிஞ்சது, நான் ரோர்ச் அடிச்சுக் கண்ணாலை கண்டனான், அது கூட்டடிக்குக் கிட்டவும் வரேல்லை.

அப்பா சொல்லுறார் அதுதான் எலியளின்ரை ராசாவாம், புதுச்சாமான் எண்டா தான் தொடாதாம், கீழை உள்ளதை அனுப்பித் தின்னவைச்சுப் பாத்து, அது சாகேல்லை எண்டா பிறகுதான் தான் வருமாம். அவர் சின்ன வயசிலை இருந்து கேட்ட கதை. இது மெய்யோ? மெய் எண்டா நான் கூடு வைக்கிற முறையையே மாத்த வேணும், அதுதான் கேக்கிறன். மருந்து வைக்க விருப்பமில்லை, சனம் வாங்கிச் சாப்பிடுற சாமான் இருக்கிற அறை.

புத்தூர்_அக்கா:
தம்பி இந்தக் கதையை எங்கட அப்பம்மாவும் சொல்லுறவ, "கிழட்டு எலியை விட்டு ருசி பாக்கும்" எண்டு. சரி பிழை எனக்குத் தெரியாது, நான் கண்டதைச் சொல்லுறன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையாலை யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட ஆக்கள் நாங்கள். அடுத்த வருசம் திரும்பி வந்து கதவைத் திறந்தா வீடு முழுக்க எலி. மெத்தை, அலுமாரிக்குள்ளை இருந்த கூறைச்சீலை, அண்ணையின்ரை புத்தகங்கள், ஒண்டும் மிச்சமில்லை. குசினியிலை வைச்சிட்டுப் போன சவுக்காரக் கட்டியைக்கூட அரைவாசி அரிச்சுத் திண்டிருந்துதுகள். ஐயா உடன பாணிலை மருந்து தடவி மூலைக்கு மூலை வைச்சார். நாலு நாள் ஒரு எலி அதைத் தொடேல்லை! சவுக்காரம் தின்னுற எலி பாணைத் தொடாமல் சுத்திப் போகுது, அந்த வயசிலை எனக்கு அது விளங்கவே இல்லை. மனுசர் இல்லாத வீட்டிலை அவ்வளவு மாசம் சீவிச்சதுகளுக்கு நாங்கள்தான் புது ஆக்கள் எண்டு ஐயா சொன்னது இப்பவும் ஞாபகம்.

உயிரியல்_ரீச்சர்:
அக்கா சொன்ன சவுக்காரமும் பாணும்தான் இந்த விசயத்தின்ரை அடி. எங்களுக்குப் பாண் சாப்பாடு, சவுக்காரம் சாப்பாடில்லை. எலிக்கு சவுக்காரம் பழகின சாமான், மாசக்கணக்கா அந்த இடத்திலை கிடந்தது. பாண் நேற்றுத்தான் வந்தது. காட்டெலி, வீட்டெலிக்குப் புதுசிலை இருக்கிற பயம் அவ்வளவு பெரிசு. இங்கிலாந்திலை பார்னெட் எண்ட விலங்கியலாளர் இதைப்பற்றிக் கனக்க வேலை செய்தவர், 1963 இலை எலியின்ரை நடத்தை பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினவர். சாப்பாடு மாத்திரமில்லை, பழகின இடத்திலை புதுசா ஒரு பெட்டியை வைச்சாலும் காட்டெலி கிட்டப் போக நாளெடுக்கும். ஆய்வுகூட வெள்ளை எலியளுக்கு இந்தப் பயம் பெரிசா இல்லை, பரம்பரை பரம்பரையா மனுசர் கையாலை திண்டு வளந்ததுகள்.

ஏன் இவ்வளவு பயம் எண்டா, எலிக்குச் சத்தி எடுக்கேலாது. நாங்கள் பழுதானதைத் திண்டா வயிறு வெளியிலை தள்ளிப்போடும், எலிக்கு அந்த வழி இல்லை. அதாலை புதுசிலை ஒரு துளி கடிச்சிட்டு நிப்பாட்டிப்போடும், உடம்புக்கு ஏதும் செய்தா அந்த ருசியை மறக்காது. 1955 இலை ஜோன் கார்சியா எண்ட உளவியலாளரும் அவரோடை வேலை செய்த ஆக்களும் இதைக் காட்டினவை, சக்கரின் கலந்த தண்ணி குடிக்கேக்கை எலிக்குக் கதிர்வீச்சுக் குடுத்தா பிறகு அது இனிப்புத் தண்ணியை வெறுக்குது எண்டு. சாப்பிட்டு மணித்தியாலக் கணக்கிலை கழிச்சு வருத்தம் வந்தாலும் எலி அந்த ருசியோடைதான் முடிச்சுப் போடும்.

ஆனா தம்பி, "ராசா அனுப்பும்" எண்ட பகுதியை நான் நம்பேல்லை. ஒரு எலி இன்னொரு எலியைத் தின்னச் சொல்லி ஏவுறதை ஆரும் காட்டினதா நான் வாசிச்சதில்லை.

தென்மராட்சி_வயல்:
ரீச்சர் புத்தகத்திலை இல்லாட்டி நடக்காதெண்டில்லை. நான் இருவது வருசமா வயல் செய்யிறன், அகழானோடையும் எலியோடையும் மல்லுக்கட்டினதுதான் என்ரை பாதிச் சீவியம். அந்தக் கறுப்புப் பவுடர், உள்ளிமணம் அடிக்குமே, சிங் பொஸ்பைட், அதை நெல்லிலை கலந்து வைச்சா அடுத்தநாள் காலமை வரம்பிலை செத்துக் கிடக்கிறது எல்லாம் சின்னனும் மெலிஞ்சதும். கொழுத்தது ஒண்டும் கிடவாது. மூண்டாம் நாள் வைச்சா ஒண்டுமே தொடாது. சின்னனை விட்டுப் பாத்திட்டு மற்றதுகளுக்குச் செய்தி போகுது எண்டுதானே இதுக்கு அர்த்தம்? நான் கண்ணாலை கண்டதைச் சொல்லுறன்.

உயிரியல்_ரீச்சர்:
அண்ணை நீங்கள் கண்டதை நான் மறுக்கேல்லை. மெலிஞ்சது முதல் சாகுது, ஓம். மூண்டாம் நாள் மற்றதுகள் தொடுறேல்லை, அதுவும் ஓம். அதுக்கு நீங்கள் சொல்லுற காரணத்தோடைதான் எனக்குப் பிரச்சினை.

சிங் பொஸ்பைட் வயித்துக்குள்ளை போனா அமிலத்தோடை சேந்து பொஸ்பீன் வாயு ஆகும், கெதியா வேலை செய்யும். கொஞ்சமாத் திண்ட எலி சாகாமல் வருத்தத்தோடை தப்பினா அந்த ருசியும் மணமும் அதுக்கு ஆயுசுக்கும் காணும். உங்கட வயலிலை கொழுத்ததுகள் தொடாமல் விட்டதுகளா இருக்கத் தேவையில்லை, ஒரு நெல்லுக் கடிச்சுத் தப்பினதுகளாவும் இருக்கலாம். ஒவ்வொண்டும் தன்ரை வயித்தாலை படிச்ச பாடம் அது, ஆரும் செய்தி சொல்லத் தேவையில்லை.

இதிலை பெரிய புதினம் என்னெண்டா, செய்தி போறது உண்மை, ஆனா நாங்கள் நினைக்கிற செய்தி இல்லை. கனடாவிலை மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்திலை பெனட் கேலெவ் எண்டவர் இதிலையே ஆண்டாண்டா வேலை செய்தவர். 1983 இலை அவரும் விக்மோர் எண்டவரும் செய்த பரிசோதனை: ஒரு எலிக்குக் கறுவா போட்ட சாப்பாடோ கொக்கோ போட்ட சாப்பாடோ குடுத்து, பிறகு அதைச் சாப்பிடாத எலியோடை கொஞ்சநேரம் விட்டினம். சாப்பிடாத எலி மற்றதின்ரை வாயை மணந்து பாக்கும். பிறகு ரெண்டு சாப்பாட்டையும் வைச்சா, மற்றது எதைத் திண்டுதோ அதைத்தான் கூடத் தின்னும். மூச்சிலை இருக்கிற கார்பன் டைசல்பைட் எண்ட சாமானும் சாப்பாட்டு மணமும் சேந்தாத்தான் இது நடக்குது எண்டு பிறகு கண்டுபிடிச்சவை. அதே ஆக்கள், திண்ட எலி வருத்தமாக் கிடக்கேக்கை மற்றது அதை மணந்தா அந்தச் சாப்பாட்டை வெறுக்குமோ எண்டும் பாத்தவை. வெறுக்கேல்லை! வருத்தக்கார எலியின்ரை வாயை மணந்தாலும் அதே சாப்பாட்டைத்தான் விரும்பித் திண்டுது. அப்ப சின்னனை அனுப்பி, சாகுதோ எண்டு பாத்து முடிவெடுக்கிற ராசாக் கதை அதிலையே உடையுது அண்ணை. "ஒருத்தன் திண்டிட்டான்" எண்டது அதுகளுக்குப் போகும், "திண்டு செத்தான்" எண்டது போகாது.

பாரிஸ்_கொக்குவிலான்:
நான் இஞ்ச பிரான்ஸிலை 20 வருசம். நான்சி பல்கலைக்கழகத்திலை டிடியே டெசோர் எண்டவர் செய்த எலிப் பரிசோதனை பற்றி இஞ்சத்தை ரிவியிலை பாத்தது ஞாபகம் வருது. ஆறு எலியை ஒரு கூட்டிலை விட்டு, சாப்பாட்டை எடுக்க வேணுமெண்டா தண்ணிக்குள்ளாலை சுழியோடிப் போகவேணும் எண்ட மாதிரிச் செய்தவர். கொஞ்ச நாளிலை ரெண்டு வகையாப் பிரிஞ்சு போச்சுது, சில எலி சுழியோடி எடுத்துக்கொண்டு வரும், சில எலி தண்ணியிலை கால் வையாது, வாறதிட்டைப் பறிச்சுத் தின்னும். அப்ப மேல்நிலை உள்ளது கீழ்நிலையை வேலை வாங்குது எண்டுதானே அர்த்தம் ரீச்சர்? தம்பியின்ரை அப்பா சொன்னதுக்கு இது கிட்டத்தட்ட வருது.

உயிரியல்_ரீச்சர்:
நல்ல உதாரணம் கொண்டு வந்தீங்கள். ஆனா அதிலையும் சுழியோடுறதை ஆரும் தண்ணிக்குள்ளை தள்ளேல்லை. பறிக்கிறது இருக்கு, அனுப்புறது இல்லை. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன்.

மேல்நிலை கீழ்நிலை எண்ட தரம் எலியளுக்குள்ளை இருக்கு, அதை ஆரும் மறுக்கேல்லை. பார்னெட் ஆண் எலியளை மூண்டாப் பிரிச்சவர், அல்பா, பீற்றா, ஒமேகா எண்டு. அல்பா எங்கையும் போகும். பீற்றா தோத்தாலும் வழிவிட்டு ஒதுங்கித் திண்டு கொழுக்கப் பழகிப்போடும். ஒமேகா பாவம், உடம்பு மெலிஞ்சு, மயிர் குலைஞ்சு, பெரிய காயமில்லாமலே செத்தும் போகும். அமெரிக்காவிலை கல்ஹூன் எண்டவர் 1947 இலை ரோவ்சன் எண்ட இடத்திலை கால் ஏக்கர் காணியை அடைச்சு எலி விட்டுப் பாத்தவர், அங்கையும் கீழ்நிலை எலியள் சாப்பாட்டு இடத்துக்குத் தள்ளித்தான் குடியிருந்ததுகள். நல்ல சாப்பாட்டுக்கு நல்ல நேரத்திலை போகேலாது, மற்றது அடங்கின பிறகுதான் போகலாம், சிலநேரம் பகலிலை. தம்பி பிடிச்ச நாலும் வாலடியிலை கடிகாயம் எண்டியள். ஓடேக்கை பின்னாலை வாங்கின கடி அது.

அப்பிடிக் கலைபட்டு நிக்கிறதுக்கு முன்னாலை புதுச்சாமான் ஒண்டு வந்தா? பயம் அதுக்கும் அதே அளவு இருக்கும். ஆனா திரும்பிப் போக அரிசிமூட்டை இல்லை.

சுன்னாகம்_கடை:
எல்லாருக்கும் நன்றி, எனக்கு ஒரு யோசனை வந்துது. சீசீரிவி கமரா ஒண்டு முன்கடையிலை சும்மா கிடந்தது, இருட்டிலையும் தெரியிறது, அதைக் கழட்டி ஸ்டோருக்குள்ளை பூட்டினன். கூட்டை எடுத்துப்போட்டு ஒரு ரின் மூடியிலை பொரிச்ச நெத்தலியும் தேங்காய்ச்சொட்டும் வைச்சன். நாலு இரவு பாத்ததை எழுதுறன்.

முதல் இரவு பத்தரை மட்டிலை காதுகிழிஞ்சது வந்துது. மூடியைக் கண்டோடனை நிண்டிட்டுது, பின்னங்கால் அங்கையே, உடம்பை மட்டும் நீட்டி மூக்கை ஆட்டி ஆட்டிப் பாத்துது, பிறகு சுவரோரமா ஒரு பெரிய வளைவு எடுத்து அரிசிமூட்டைக்குப் போட்டுது. நடுத்தரமான ரெண்டு வந்து அதே மாதிரிச் சுத்திப் போச்சுதுகள். மெலிஞ்சது ஒண்டு காட்போட் பெட்டியளுக்குப் பின்னாலை நிக்குது, மூட்டைக்கு ரெண்டுதரம் வரப் பாத்துது, ரெண்டுதரமும் காதுகிழிஞ்சது கலைச்சுப்போட்டுது. விடியப்புறம் அஞ்சு மணிக்குக் கிட்ட எல்லாம் அடங்கின பிறகு அந்த மெலிஞ்சது வந்து, ஒரு நெத்தலித் துண்டை இழுத்துக்கொண்டு ஓடிட்டுது.

ரெண்டாம் இரவும் அதுதான் முதல். ஆனா இந்தமுறை திண்டுபோட்டுப் போகேக்கை நடுத்தரமானது ஒண்டு வழியிலை மறிச்சு அதின்ரை வாயடியிலை மூக்கை வைச்சு நல்லா மணந்துது, நான் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனான், ரீச்சர் எழுதினதை அப்பிடியே கண்ணாலை கண்ட மாதிரி இருந்துது! மூண்டாம் இரவு அந்த நடுத்தரமானது மூடிக்கு வந்துது. நாலாம் இரவும் காதுகிழிஞ்சது தொடேல்லை. அப்பா பக்கத்திலை இருந்து "நான் சொன்னன் பாத்தியோ" எண்டுறார். அனுப்பேல்லை அப்பா, கலைச்சதுதானே எண்டு காட்டினன். அவருக்கு அது பெரிய வித்தியாசமாத் தெரியேல்லை.

பாரிஸ்_கொக்குவிலான்:
தம்பி வடிவா எழுதியிருக்கிறீர். ஆனா ஒண்டு கேக்கிறன், காதுகிழிஞ்சது தொடாதது பயத்தாலையோ, வயிறு நிறைஞ்சதாலையோ? அரிசிமூட்டை முழுக்க அதின்ரை கையிலை இருக்கு, அது ஏன் நெத்தலிக்கு வரவேணும்? மூட்டையை அடைச்சுப்போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

தென்மராட்சி_வயல்:
இன்னொண்டும் இருக்கு. ரீச்சர் சொன்ன ஆராய்ச்சி கனக்க வெள்ளைக்காரன்ரை நாட்டுப் பழுப்பு எலியிலை செய்தது. கடைக்கூரையிலை ஓடுறது எங்கட நீளவால் கறுப்பெலி. அது ரெண்டும் ஒண்டில்லை.

உயிரியல்_ரீச்சர்:
ரெண்டு பேரும் சரியான இடத்திலை பிடிச்சிருக்கிறீங்கள். அண்ணை, ஓம், வேற வேற இனம், கூரை எலிக்கும் புதுசிலை பயம் இருக்கு எண்டது தெரிஞ்ச விசயம், ஆனா பார்னெட்டின்ரை அல்பா பீற்றாவை அப்பிடியே சுன்னாகத்துக் கூரைக்குத் தூக்கிக்கொண்டு வர நானும் விரும்பேல்லை. அதாலைதான் தம்பியின்ரை கமரா எனக்குப் பெறுமதியாத் தெரியுது.

தம்பி, மூட்டையை அடையும். ஆனா நெத்தலியை வையாதையும், அது இப்ப பழசாப் போச்சுது. ஒருநாளும் அங்கை இல்லாத சாமானா இருக்க வேணும். ரெண்டு மூடியிலை வையும், ஒண்டு நடுவிலை, மற்றது மெலிஞ்சது நிக்கிற மூலையிலை.

சுன்னாகம்_கடை:
செய்தன். மூட்டை எல்லாத்தையும் தகரப் பரலுக்குள்ளை கொட்டி மூடியாச்சு (இதை மூண்டு மாசத்துக்கு முன்னமே செய்திருக்க வேணும், அம்மா அண்டைக்கே சொன்னவ). கச்சானை வறுத்து இடிச்சு சக்கரையோடை உருட்டி ரெண்டு மூடியிலை வைச்சன். எங்கட ஸ்டோருக்குள்ளை கச்சான் ஒருநாளும் வைக்கிறேல்லை.

இந்தமுறை முதல் வந்தது காதுகிழிஞ்சது! மூட்டை இருந்த இடத்தை மணந்து மணந்து சுத்திச்சுது, பரலிலை ஏறி இறங்கிச்சுது. பதினொண்டு பத்துக்கு மூடியடிக்கு வந்து பின்வாங்கிச்சுது, நான் எண்ணினன், ஏழு தரம். ஒண்டரைக்கு ஒரு சின்னக் கடி, அவ்வளவுதான், போட்டுது. மூண்டு மணிக்குக் கிட்டத் திரும்பி வந்து இருந்து திண்டுது, நடுத்தரமானதுகள் வர ரெண்டையும் கலைச்சுது. மெலிஞ்சது நடுமூடிக்கு வரவே இல்லை, மூலையிலை இருந்த மூடியிலை விடியத் திண்டுது.

நான் இதைப் பாத்திட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தன். அந்த மெலிஞ்சதை முதல் நாலு நாளும் நான் துணிஞ்ச எலி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

உயிரியல்_ரீச்சர்:
ஒண்டரைக்குக் கடிச்சிட்டுப் போய் மூண்டுக்கு வந்தது எண்டீர், அந்த ஒண்டரை மணித்தியாலம் அது தன்ரை வயித்தைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கும். பெரிய எலிக்கும் ருசி பாக்க ஆளில்லை தம்பி, தானேதான் பாக்க வேணும். தரம் குடுத்தது முதல் நாலு நாளும் பொறுத்திருக்கிற வசதியை மட்டும். அரிசி போனோடை அந்த வசதியும் போட்டுது. ஒரு கடையிலை அஞ்சு இரவு பாத்ததை வைச்சு உலகத்து எலிக்கெல்லாம் சட்டம் எழுதேலாது, ஆனா மெலிஞ்சது முதல் திண்டதுக்குப் பசியும் கலைபடுறதும் காணும், கட்டளை தேவையில்லை எண்டதை இதைவிட வடிவா நான் வகுப்பிலை சொல்லிக் குடுத்ததில்லை.

இனிக் கூடு வைக்கலாம். கச்சானை உள்ளுக்கை வைச்சு, கதவைக் கம்பியாலை கட்டித் திறந்தபடியே அஞ்சு இரவு விடும். போய்த் திண்டு வரட்டும். ரெண்டாம் உலகப்போர் காலத்திலை ஒக்ஸ்போர்ட்டிலை சிற்றி (Chitty) எண்ட விலங்கியலாளரும் அவரோடை இருந்தவையும் மருந்துக்குச் செய்த வேலையும் இதுதான், முதல் சும்மா சாப்பாடு, பழகின பிறகுதான் மற்றது. 1948 இலை வோபரின் எலிமருந்தா வந்து பேர் எடுத்ததுக்கும் இதுதான் காரணம், நாள் கழிச்சுத்தான் கொல்லும், எலிக்கு எந்தச் சாப்பாட்டாலை எண்டு முடிச்சுப் போடேலாது. கூடு ஒண்டு நடுவிலை, ஒண்டு பெட்டிக்குப் பின்னாலை. எல்லாத்தையும் நடுவிலை வைச்சா மெலிஞ்சதுகள் வராது.

கோண்டாவில்_நேர்ஸ்:
இடையிலை வாறதுக்கு மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் போகேலாது. 2024 டிசம்பரிலை எங்கட யாழ்ப்பாண மாவட்டத்திலை எலிக்காய்ச்சலாலை ஆக்கள் செத்ததை மறந்திடாதேங்கோ. எலியின்ரை மூத்திரத்தாலைதான் வரும், காலிலை கையிலை சின்னக் கீறல் இருந்தாக் காணும். கூடு தூக்கேக்கை கையுறை போடுங்கோ, இல்லாட்டி சொப்பிங் பையைக் கையிலை சுத்துங்கோ, ஸ்டோர் நிலத்தை ஈரமா விடாதேங்கோ, காய்ச்சலோடை கண் சிவந்து கெண்டைக்கால் நொந்தா பனடோலோடை வீட்டிலை கிடக்காதேங்கோ. வயல் அண்ணை, விதைப்புக்கு முன்னம் பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கண்டு டொக்சிசைக்கிளின் குளிசை கேளுங்கோ, தருவினம்.

தென்மராட்சி_வயல்:
நன்றி தங்கச்சி, போன முறை வாங்கினனான். ரீச்சர், உந்த அஞ்சு நாள் கணக்கை நான் வயலிலை செய்து பாக்கப்போறன். இருவது வருசமா முதல் நாளே மருந்தோடை வைச்சனான்.

சுன்னாகம்_கடை:
அஞ்சு இரவு திறந்து விட்டன், ஆறாம் இரவு கதவுக் கம்பியை அவிட்டன். காலமை நடுக்கூட்டிலை காதுகிழிஞ்சது. மற்றக் கூட்டிலை நடுத்தரமானது ஒண்டு. அடுத்தநாள் மெலிஞ்சதும் மற்றதும்.

ஒரு விசயம் ஆனா. காதுகிழிஞ்சது ஆணில்லை, பெட்டை. முலை எல்லாம் தெரியுது, பால் குடுக்கிற எலி. ராசா ராசா எண்டு ஒரு மாசமா கதைச்சம்.

உயிரியல்_ரீச்சர்:
நானும் ஆண் எண்டு நினைச்சுத்தான் அல்பா பீற்றா எல்லாம் எழுதினனான், அந்தப் பிரிப்பு ஆணுகளுக்குத்தான். பால் குடுக்கிறதெண்டா அது அவ்வளவு கடுமையாக் கலைச்சதும் விளங்குது, பசி தாங்கேலாமல் கச்சானுக்கு வந்ததும் விளங்குது.

தம்பி, கூட்டை எடுத்து வையாதையும். குஞ்சு கண் திறந்து நடக்கிறதெண்டா வெளியிலை வரும். கச்சானையே வையும், வேற ஒண்டும் மாத்த வேண்டாம். தாய் திண்டதின்ரை ருசி பாலிலை குஞ்சுக்குப் போகும், கேலெவ் 1972 இலையே காட்டினது, பால்குடி மறந்து முதல் சாப்பாடு தேடேக்கை அந்த ருசியைத்தான் தேடும்.

சுன்னாகம்_கடை:
ரீச்சர், நேற்றிரவு கச்சானோடை ரெண்டு கூடும் வைச்சன், இந்தமுறை கதவைக் கட்டி விடேல்லை. காலமை பாத்தா ஒரு கூட்டிலை ரெண்டு, மற்றதிலை ஒண்டு. பெருவிரல் நீளம்தான். கமராவிலை பாத்தன், மூடியைக் கண்டு நிண்ட மாதிரி ஒண்டும் நிக்கேல்லை, நேரை உள்ளுக்கை போட்டுதுகள். அப்பாவுக்கும் போட்டுக் காட்டினன். ரெண்டாந்தரம் போடச் சொன்னார்.